அனுமதி=இல்லை

ஒளிவுமறைவே இல்லாத அலுவலகம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது எங்களுடையது. அதற்குக் காரணகர்த்தா அடியேன்.

விடுப்புக்கான இணையதளத்தை எழுதியது நான். விண்ணப்பித்தால் ஒரு லிங்க் வரும். அதில் கேள்விக்குறிக்குப் பிறகு ஊழியர் எண், தேதி, கடைசியில் 'அனுமதி=இல்லை' என எல்லாமே பட்டவர்த்தனமாக நிற்கும். அதிகாரி மனமிரங்கினால் 'இல்லை', 'உண்டு' ஆகும். லிங்க் சொல்வதைச் சர்வர் அப்படியே நம்பிப் பதிந்துகொள்ளும். நம்பிக்கைதானே நிர்வாகம்! எனக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது.

மூன்றாம் நாள் டிரைவர் வந்து காதைக் கடித்தார்.

"சார், அந்த 'இல்லை'யை அழிச்சிட்டு நானே 'உண்டு'ன்னு அடிச்சேன். பத்து நாள் லீவு குடுத்திருச்சு. தங்கமான மெஷின் சார்!"

அடுத்த வாரம் மாடி முழுக்கக் காலி. அதிகாரியும் தம் லிங்க்கைத் தாமே திருத்திக்கொண்டு 'முறைப்படி' கிளம்பிவிட்டார். மிஞ்சியது, சர்வருக்குக் காவலாக நானும், கோப்பறை அக்காவும்.

அக்காவின் மகளுக்குத் தலைப்பிரசவம். வியாழக்கிழமை ஆபரேஷன்.

"தம்பி, எனக்கு இன்னும் 'இல்லை'ன்னே காட்டுதே?"

"அதிகாரி பாத்து மாத்தணும்க்கா."

"அவர் எங்கே?"

"லீவுல."

"அவருக்கு யாரு குடுத்தா?"

"அவரேதான்." குரலைத் தாழ்த்தினேன். "நீங்களும் 'உண்டு'ன்னு அடிங்கக்கா. இல்லன்னா நான் அடிக்கட்டுமா?"

"போப்பா! யார் அடிச்சாலும் அவர் சொன்னதாயிடுமா? பேரனோ பேத்தியோ, வந்ததும் என் திருட்டுமுழியையா பாக்கணும்?"

வியாழன் காலை ஒரு வெள்ளைத்தாளில் கடிதம் எழுதி அதிகாரியின் காலி மேசையில் வைத்துவிட்டு ஓடினார்.

எல்லோரும் திரும்பியதும் விசாரணைக் குழு கூடியது. பதிவின்படி நாற்பத்தோரு பேரும் அனுமதி பெற்றே போயிருந்தார்கள். பெறாமல் போனவர் ஒரே ஒருவர். போனில் பேத்தியின் படத்தைக் காட்ட வந்த அக்கா, கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"ஒழுக்கம்னு ஒண்ணு வேணாமா?" அதிகாரிக்குக் குரல் தழுதழுத்தது. "வேலைநீக்க நோட்டீசை அனுப்புங்க."

"சார், கடிதம் எழுதி வச்சிருந்தாங்களே..." என்றேன்.

"பேப்பரை யாருய்யா நம்புவா? தளத்துல என்ன இருக்கு?"

நோட்டீஸ் அனுப்பும் பக்கமும் என் கைவண்ணம்தான். லிங்க்கில் 'குற்றவாளி=' என்பதற்குப் பக்கத்தில் அக்காவின் எண். அழித்தேன். என் எண்ணை அடித்தேன்.

சர்வர் வழக்கம்போல ஒரு கேள்வியும் கேட்காமல் பதிந்துகொண்டது. அந்தத் தளத்தில் ஏறிய முதல் உண்மை அதுதான்.