கம்பி செருகும் முன்னே ஆயிரம்

திருநெல்வேலி டவுணில் வழி கேட்டுப் பாருங்கள். 'தெரியாது' என்று யாரும் சொல்லமாட்டார்கள். தெரியாத தெருவுக்கும் கையை நீட்டி, 'அங்கன போயி இடதுபக்கம் திரும்பும்' என்பார்கள். அந்த மண்ணில் பிறந்த நான் கணினிக்கு டிரைவர் எழுதப் போனது யார் செய்த பாவமோ. (வண்டி ஓட்டும் டிரைவர் இல்லை. நெட்வொர்க் கார்டு எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று கணினிக்குச் சொல்லும் நிரல்.)

கம்பியைச் செருகி, மறுமுனை பதில் சொன்ன பிறகுதான் வேகம் தெரியும். அதுவரை 'தெரியவில்லை' என்று சொல்வதே நியாயம். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் இதைப் பொறுமையாகச் சொன்னார். எனக்கோ அது மானப் பிரச்சினை. கார்டின் உச்ச வேகம் ஆயிரம் மெகாபிட்தானே, ஆரம்பத்திலேயே ஆயிரம் என்று சொல்லிவிட்டால் கம்பீரமாக இருக்குமே என்று அப்படியே எழுதிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துச் செல்வி அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் விடுமுறை கிடைக்கவில்லை. 'மண்டபத்தில் பெரிய டிவியில் மாப்பிள்ளையைக் கொண்டுவருவது என் பொறுப்பு' என்று மார்தட்டினேன். டிவியை இணையத்தோடு இணைக்க, என் டிரைவரையே போட்டு நானே செய்த பெட்டியை எடுத்துப்போனேன். அதில் கம்பி செருக இரண்டு துளைகள். எந்தத் துளையில் வேகம் அதிகமோ, அதன் வழியே எல்லாவற்றையும் அனுப்பும். வீட்டில் இரண்டிலும் கம்பி இருந்ததால் ஜோராக ஓடியது. மண்டபத்தில் இருந்ததோ ஒரே கம்பி, வேகம் நூறு.

டிவியில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"தம்பி, எம்மவன் எங்கன?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"வந்துக்கிட்டே இருக்காவ மாமா. ஆயிரம் காட்டுது."

"ஆயிரமோ லட்சமோ, நல்ல நேரம் முடியப் போவுதுல்லா?"

பெட்டியை அணைத்துப் போட்டேன். மறுபடியும் ஆயிரம். எனக்குப் பெருமை வேறு. பின்வரிசையில் ஒரு அத்தை, "பயலுக்குப் பொண்ணைப் பிடிக்கலையோ என்னமோ" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது மேடை வரை கேட்டது. அக்காவின் கண் கலங்கிவிட்டது.

பட்டுப்புடவையோடு அக்காவே எழுந்து வந்தாள்.

"ஏலே, இந்த ரெண்டாவது ஓட்டையில என்ன செருகியிருக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் செருகாமலே அது ஆயிரம்னு சொல்லுதா?"

"ஆமா."

"நீயும் அதை நம்புத?"

அப்போதுதான் உறைத்தது: நூறு ஓடும் கம்பியை விட்டுவிட்டு, பெட்டி எல்லாவற்றையும் அந்த வெறும் துளைக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அக்கா என் சட்டைப்பையில் இருந்த கைபேசியை உருவி மாப்பிள்ளையை வீடியோவில் அழைத்து, எல்லாருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்தாள். திரையில் அவர் பதற்றமாக உட்கார்ந்திருந்தார். பெரியவர்களைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றார். மேலே பட்டுச்சட்டை, கீழே கட்டம்போட்ட கைலி. மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தட்டை மாற்றிவிட்டார்கள்.

மறுநாளே டிரைவரைத் திருத்தினேன். கம்பி செருகாவிட்டால் 'தெரியவில்லை' என்று அது இப்போது ஒழுங்காகச் சொல்கிறது. எழுதியவன்தான் திருந்தவில்லை. எனக்கும் கல்யாணமாகிவிட்டது. வந்தவளுக்கு அக்கா முதல் வேலையாக இந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். சாயங்காலம் அலுவலக நாற்காலியில் இருந்தபடியே, "கிளம்பிட்டேன், பாதி வழியில வாரேன்" என்று போனில் சொன்னால், என் மனைவி நிதானமாகக் கேட்கிறாள்:

"கம்பி செருகியாச்சா?"