நாற்பத்தொன்றாவது மான்

வெறும் தண்ணீர் ஊற்றிய குழாயில் மான் இருந்தது.

சுடர்விழி மெஷினை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டாள். இருந்தது.

"வினோத், இங்க வா. எனக்கு மட்டுந்தான் தெரியுதா?"

உடன் வேலை பார்க்கும் வினோத்குமார் வந்து திரையைப் பார்த்தான். நாற்பது குழாய்களுக்கு நாற்பது கோடுகள். நாற்பத்தொன்றாவது, தண்ணீர்க் குழாயின் இடம், இருட்டாக இருக்க வேண்டும். அங்கேயும் மெலிதாக ஒரு கோடு.

"தண்ணியில மானாக்கா?"

"ஆமா."

மேற்கே ஒரு காட்டில் புள்ளிமான்கள் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தன. நாற்பது மான்களின் புழுக்கை உப்பளம் பகுதியில் இருந்த இந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தது. எந்த மானின் மரபணுவில் நோயைத் தாங்கும் மாற்றம் இருக்கிறது என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த மானைப் பிரித்துக் காப்பாற்றலாம். தண்ணீர்க் குழாய் வெறுமையாக இருந்தால்தான் மற்ற நாற்பதையும் நம்ப முடியும். இல்லாவிட்டால் நாற்பதும் குப்பை. மறுபடி கேட்கவும் வழியில்லை. அதற்குள் அந்த நாற்பதில் பதினேழு மான்கள் செத்துவிட்டன.

தலைவர் டாக்டர் பாலகுரு எட்டு மணிக்கு வந்தார். வெள்ளை ஜிப்பா. சத்தம் போடாத மனிதர். சுடர்விழியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"உன் கை சுத்தமில்லம்மா" என்றார்.

செவ்வாய்க்கிழமை அவள் தண்ணீரை மாற்றினாள். கையுறையை மாற்றினாள். டாக்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சொட்டையும் பார்த்தார்.

கோடு தடித்திருந்தது.

புதன்கிழமை மேஜையை பிளீச்சால் கழுவினாள். ஆய்வுக்கூடம் இருந்தது பழைய பிரெஞ்சுக்காரன் வீட்டில். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு ஜன்னல்கள். எல்லாவற்றையும் அடைத்தாள். கடல் காற்று நின்றது. ஒன்றுக்கு மூன்றாகத் தண்ணீர்க் குழாய்கள் வைத்தாள். டாக்டர் மூன்றையும் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தந்தார்.

மூன்றிலும் மான்.

அன்று மாலை குழாய்களை எண்ணும்போது அவள் பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள். திடுக்கிட்டுத் திரும்பினாள்.

டாக்டர்.

"எண்ணு, எண்ணு" என்றார்.

அவர் போனதும் வினோத்குமார் நெருங்கி வந்தான். "அக்கா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"சொல்லு."

"செத்தது ஏதோ வந்து ஒக்காந்துருக்கு. ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுடலாம்."

"எம்.எஸ்சி. படிச்சவன் பேசற பேச்சாடா?"

"நீங்களுந்தான் படிச்சிருக்கீங்க. அப்பறம் ஏன் ரெண்டு நாளா மெஷினுக்கு முதுகு காட்டாம நடக்கறீங்க?"

வியாழன் காலை வாசற்படியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் இருந்தது. டாக்டர் அதை மிதித்தார். குனிந்து செருப்பைப் பார்த்தார். நிமிர்ந்து சுடர்விழியைப் பார்த்தார்.

"திங்கக்கிழமையிலேருந்து நீ வர வேணாம்மா."

"சார், நான்..."

"இன்னிக்கு நானே செய்யறேன். சுத்தம்னா என்னன்னு பாத்துட்டுப் போ."

ஜிப்பாக் கையை மடித்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை தானே செய்தார். அவளை ஒரு குழாயைக்கூடத் தொட விடவில்லை.

மாலையில் திரை வெளுத்தது. நாற்பதும் மங்கிக் கிடந்தன. நாற்பத்தொன்றாவது கொழுந்துவிட்டு எரிந்தது.

அடைத்த ஜன்னல் ஒன்று லேசாகத் தட்டியது. வினோத்குமார் சட்டைக்குள்ளிருந்த தாயத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

"அந்தக் கோட்டோட மரபணுவ எழுத்து எழுத்தாப் படி" என்றார் டாக்டர். "இது எந்த மானுன்னு எனக்குத் தெரியணும்."

வெள்ளிக்கிழமை மதியம் முடிவு வந்தது. சுடர்விழி இரண்டு முறை படித்தாள்.

"நாலு நாளும் வந்தது ஒரே மான் சார். நம்ம நாப்பதுல அது இல்ல."

"அப்பறம்?"

"நாப்பதுல ஒண்ணுக்குக்கூட அந்த மாற்றம் இல்ல. ஒண்ணும் தாங்காது." கடைசி வரியைத் தொட்டுக் காட்டினாள். "இதுக்கு மட்டும் இருக்கு."

டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"காடே சாவப்போவுதும்மா. இது ஒண்ணுதான் நிக்கும். நம்மளத் தேடி வந்து தலைய நீட்டுது, நமக்குத்தான் புரியல. அந்தப் புள்ளிமான் எங்க இருக்குன்னு யாராவது சொல்லட்டும், இப்பவே அவங்க கால்ல விழறேன்."

தையல்நாயகி அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். காலையில் டாக்டர் வீட்டிலும் மதியத்துக்கு மேல் இங்கேயும் அவளுக்கு வேலை. துடைப்பத்தை நிறுத்தினாள்.

"அய்யோ, என் கால்லல்லாம் விழாதீங்க சார்! உங்க பூசை ரூம்ல விரிச்சு வெச்சிருக்கீங்களே புள்ளிமான் தோலு, அது மேல தெனம் ஒக்காந்து தியானம் பண்ணிட்டு அதே ஜிப்பாவோடதான நேரா இங்க வர்றீங்க?"