மோட்சத்துக்கு ஷட்டர் போட்டவர்

மோட்சத்தின் வாசலில் இருப்பது கதவல்ல, இரும்பு கேட்டும் அல்ல, ரோலிங் ஷட்டர்தான் என்று நடுரோட்டில் நின்று சத்தியம் செய்யக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் மதகடிப்பட்டில் இருக்கிறார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் ஷட்டர்காரர்.

விழுப்புரம் ரோட்டில் எங்களுக்கு ஹார்டுவேர் கடை. அதற்குப் புது ஷட்டர் மாட்ட வந்த அன்றே என்னைக் கதிகலங்க வைத்துவிட்டார்.

"தம்பி, ராஜா வர்றாரு, வாசலுங்கல்லாம் தலைய தூக்குங்கன்னு வேதத்துல வருது. எந்தக் கதவுடா தலைய தூக்கும்?"

அவர் குனிந்து ஷட்டரை ஒரு தூக்கு தூக்கினார். கடகடவென்று ஏறியது.

"பாத்தியா? இதான் தூக்கும்! அப்பவே ஷட்டரு இருந்திருக்கு!"

ஏறிய ஷட்டர் என் நெஞ்சு உயரத்தில் 'டங்' என்று நின்றுவிட்டது. அதற்கு மேல் அசையவில்லை. நான் பதறிப்போய்ப் பார்த்தால், வேண்டுமென்றே அங்கே ஒரு ஸ்டாப்பரை வைத்து வெல்டு அடித்திருக்கிறார். மோட்சத்துக்குப் போகிற வாசல் இடுக்கமாகத்தான் இருக்குமாம். "குனியாம உள்ள போனவன் எவனும் கெடையாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். மறுநாள் முதல் எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் நெற்றியைத் தடவிக்கொண்டேதான் ஆணி வாங்கினார்கள்.

திருபுவனையில் ஒரு கம்பெனிக்கு ஷட்டர் போட்டார். பூட்டு மாட்டவே மாட்டேன் என்றார். மேனேஜர் ஓடி வந்தார்.

"மோட்சத்துல பகல்ல வாசல பூட்டவே மாட்டாங்க சார். அங்க ராத்திரியும் கெடையாது."

"இங்க இருக்கேப்பா!"

"அதுக்கு நான் இன்னா சார் பண்றது?"

என் அப்பா, நெற்றி நிறைய விபூதியோடு, ஒருநாள் அவரை மடக்கப் பார்த்தார். "மோட்சத்து சாவி உங்க புனிதர் இராயப்பர் கையில இருக்குன்ற. பூட்டே இல்லன்னா சாவி இன்னாத்துக்கு?"

"தொறக்கறதுக்கு மொதலாளி" என்றார் ஷட்டர்காரர். அப்பா கணக்கு நோட்டைத் திறந்துகொண்டார்.

இப்படிப்பட்டவர் வீட்டுக் கதவில் மூன்று தாழ்ப்பாள் இருந்தது என்பதுதான் எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிய அதிர்ச்சி. ஒரே மகள் ஸ்டெல்லா. கடலோரத்து மீன்பிடிக் குடும்பத்துப் பையனை, எங்களைப் போலச் சாமி கும்பிடுகிற பையனை, ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். "என் வூட்டு வாசல மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். நான்கு வருஷம் ஆகிவிட்டது. பேத்தி பிறந்ததற்கும் போகவில்லை. "ஊருக்கெல்லாம் வாசல தொறக்கறீங்களேண்ணா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். ஸ்பேனரை வைத்துவிட்டு எழுந்து போனவர் ஒரு மாதம் கடைப்பக்கமே வரவில்லை. கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்கே கஷ்டமாகிவிட்டது.

போன வருஷம் அவருடைய சொந்த ஊரில் இருக்கிற சின்ன மாதா கோயிலின் கதவைக் கரையான் தின்றுவிட்டது. தன் செலவில் ஷட்டர் போடுகிறேன் என்று கிளம்பினார். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று அங்கே ஒரு வழக்கம். ஜனங்கள் குருத்தோலையோடு ஊர்வலமாக வருவார்கள். வாசல் மூடியிருக்கும். ஃபாதர் சிலுவைக் கம்பால் மூன்று முறை தட்டுவார். உள்ளே இருக்கிற ஒருவர், வருவது எந்த அரசர் என்று ராகமாகக் கேட்பார். வெளியே இருப்பவர்கள், இயேசு ராஜா என்று பதில் பாடுவார்கள். மூன்றாவது முறை வாசல் திறக்கும். உள்ளே நின்று கேட்கிற ஆள், இருபது வருஷமாக ஷட்டர்காரர்தான்.

மோட்சத்து வாசல்கள் முத்தால் ஆனவை என்று சொல்லி, சனிக்கிழமை எங்கள் கடையில் இருந்த முத்து வெள்ளை பெயின்ட் டப்பாக்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார். "ஷட்டரு ஓடற ஓரத்துச் சேனல்ல அடிக்காதீங்கண்ணா, ஒட்டிக்கும்" என்றேன். கேட்கிற ஆளா? எனக்கு மனசு கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை பைக்கில் பெயின்ட்டைக் கரைக்கிற ஒரு பாட்டில் தின்னரோடு நானும் போய் நின்றேன்.

ஃபாதர் தட்டினார். தகரத்தில் விழுந்த அடி, 'டமார்'! புறாக்கள் பறந்தன, குழந்தைகள் வீறிட்டன, ஃபாதரே இரண்டடி பின்னால் போய்விட்டார். மூன்றாவது அடிக்கு ஷட்டர் முழங்கால் உயரம் ஏறி, கோணிக்கொண்டு நின்றது. கீழே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. இரண்டும் நுனிவிரலில் ஊன்றியிருந்தன.

"பெயின்ட் ஒட்டிக்கிச்சி ஃபாதர்! முதுகால முட்டுக்குடுத்துக்கினு இருக்கேன்!"

"கீழ வுட்டுடுங்கண்ணா!" என்று கத்தினேன்.

"வுட்டா மறுபடி ஏறாதுடா! யாராச்சும் உள்ள வந்து சேனல தொடைங்க!"

கோயிலுக்கு வேறு வாசல் கிடையாது. ஆண்கள் எல்லோரும் அவரவர் தொப்பையைப் பார்த்துக்கொண்டார்கள். அப்போது கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒருத்தி வந்தாள். ஸ்டெல்லா. நேராக என்னிடம் வந்து இடுப்பிலிருந்த குழந்தையை நீட்டினாள்.

"கொஞ்சம் புடிங்கண்ணா."

தின்னர் பாட்டிலை வாங்கிக்கொண்டு, புதுப் புடவையோடு மண்ணில் படுத்து, இடுக்கு வழியாக உள்ளே ஊர்ந்து போய்விட்டாள். பாரத்தைத் தாங்கியபடி இருந்தவரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"யாரு அது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ராகம் இல்லாமல்.

ஃபாதர் பழக்கத்தில் பதில் பாட வாயைத் திறந்தார். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"நான்தாம்பா."

வெளியே குருத்தோலை கூட அசையவில்லை. உள்ளே ஷட்டர் ஒருமுறை கடகடத்தது.

"நாலு வருஷமா எங்கடி போன?"

"நீதான வராதன்னு சொன்ன?"

"சொன்னா? வராம இருந்துடுவியா? மொதல்ல லெஃப்ட் சைடு தொடைச்சி வுடு."

ஷட்டர் கடகடவென்று உச்சி வரைக்கும் ஏறியது. முதுகெல்லாம் முத்து வெள்ளையோடு வெளியே வந்தவர், ஃபாதரையும் சிலுவையையும் தாண்டி என்னிடம் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். ராஜாவுக்கு முன்னால் பேத்திதான் உள்ளே போனாள். ஃபாதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். குழந்தையை அப்பாவின் மடியில் உட்காரவைத்துவிட்டு, கட்டிங் மெஷினை எடுத்து ஸ்டாப்பரை அறுத்துப் போட்டார்.

"இன்னாண்ணா, இடுக்கமான வாசல்னு சொன்னீங்க?"

"பாப்பா தலையில இடிக்கும்டா" என்றார்.

இப்போது எங்கள் ஷட்டர் முழு உயரத்துக்கு ஏறுகிறது. ஆனாலும் கடைக்குள் நுழையும்போது நான் குனிந்துதான் போகிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். பழக்கதோஷம் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். உண்மையில், அந்த மனுஷருக்குத்தான் குனிகிறேன்.