வண்டில் வேக்

சுவிஸுக்கு வந்த தமிழர்களில், ஜெர்மன் மொழியைப் பிழையாக வாசித்தே சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்த ஒரே மனிதர் எங்கள் மூப்பர்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லாங்கன்தால் அகதி விடுதியில் அவருக்கு என் பக்கத்துக் கட்டில். மன்னாரில் கத்தோலிக்கக் கோயில் மூப்பராக இருந்து, திருநாளில் மாதா சுரூபத்துக்கு முன்னால் நடந்து ஊரையே பவனி கூட்டிப் போனவர். சொந்தப் பெயர் விடுதியில் ஒருவருக்கும் தெரியாது.

அங்கே நடைவழிகளில் மஞ்சள் பலகை நட்டு 'வாண்டர்வேக்' என்று எழுதியிருப்பார்கள். நடந்து போகிறவர்களுக்கான பாதை என்று பொருள். அதை எழுத்துக் கூட்டி வாசித்த நாளோடு மூப்பர் ஆளே மாறிப்போனார்.

"தம்பி, இஞ்ச பார். வண்டில் வேக். மாட்டு வண்டில் போற வழி. எங்கட சொல்லைத்தான் வைச்சிருக்கிறாங்கள்."

"அது வண்டில் இல்லை மூப்பர். வாண்டர். நடக்கிறது."

"ஏன், வண்டில் நடக்காதோ?"

மற்றவர்கள் வேலை தேடி அலைய, மூப்பர் வண்டில் தேடி அலைந்தார். கடைசியில் சுண்ணாம்புக்கல் மலைக்கு ஏறும் ஒரு பழைய வழியைக் கண்டுபிடித்தார். எத்தனையோ தலைமுறை மாடுகள் மிதித்து மிதித்து, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண் நிற்க, பாதை பள்ளக் கிடங்காகிப் போயிருந்தது. அடிவாரத்துப் பண்ணை வீட்டுக் கதவைத் தட்டி, "வண்டில்?" என்று கேட்டார். அங்கே தனியாக மாடு வளர்த்த அம்மா, நடைவழி கேட்கிறார் என்று நினைத்து மலையைக் காட்டினார். மூப்பர் ஏறிப்போய்ப் பின்னேரம் இறங்கி வந்து, "வண்டில் நிக்ஸ்", வண்டில் இல்லை, என்று முறைப்பாடு வைத்தார். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்துக் கோப்பி கொடுத்தார். பிறகு ஞாயிறு தோறும் பூசை முடிய அங்கேதான் கோப்பி.

அடுத்த வசந்தத்தில் அந்த அம்மா தொழுவத்தில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். மாடுகளை மேலே மேய்ச்சலுக்குக் கொண்டுபோக ஆளில்லை. பாதையோரம் புது வீடு கட்டியவருக்கோ சாணியைக் கண்டாலே ஆகாது. மாடு போகும் வரைக்கும்தான் அது பொதுவழி, இந்த முறை போகாவிட்டால் வேலி போட்டு மறித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். வழி போனால் மேய்ச்சல் போச்சு. பிறகு மாடுகளை விற்க வேண்டியதுதான்.

"தம்பி, நாளைக்குப் பவனி. நீ பின்னால வா."

"நீங்கள் முந்தி மாடு மேய்ச்சிருக்கிறியளோ?"

"இல்லை. சனத்தை மேய்ச்சிருக்கிறன். மாடு அதைவிடச் சொல்வழி கேக்கும்."

கேட்டன. மூப்பர் முன்னால் செபமாலையோடு உரத்துச் செபம் சொல்லிக்கொண்டு போக, மாடுகள் மணியடித்துக்கொண்டு போயின. கடைசியில் குடையோடு நான்.

புது வீட்டடியில் பாதைக்குக் குறுக்கே கார் நின்றது. அதற்கு முன்னால் வீட்டுக்காரர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. பொலிஸ் வந்தால் என்ன செய்வது என்று நான் கடைசி மாட்டுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மூப்பருக்கோ ஒரே சந்தோசம். மன்னாரில் பவனி வரும்போது வீட்டுக்காரர் வெளியே வந்து நின்றால், சுரூபத்தை நிறுத்தி அந்த வீட்டுக்குச் செபம் சொல்வது முறை.

"வாசலில வந்து நிக்கிறார் பார். நல்ல மனுசன்."

வீட்டுக்கு, பிள்ளைகளுக்கு, காருக்கு என்று செபம் நீண்டது. அந்த மனிதருக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனாலும் மூப்பர் சிலுவை போட்டதும் கட்டிய கை அவிழ்ந்தது. கொஞ்ச நேரத்தில் தொப்பியும் கழன்றது. சைவக்காரனான நானும் பயத்தில் பலமாக ஆமென் சொன்னேன். மூப்பர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு மாடு கார்க் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், மூப்பரைப் பார்த்தார், போய்க் காரை எடுத்தார். வேலி வரவே இல்லை.

அடுத்த வருடம் அந்த அம்மாவுக்குக் கால் சுகமாகிவிட்டது. ஆனால் என்ன கத்தியும் மாடுகள் முற்றத்தை விட்டு அசையவில்லையாம். தொழிற்சாலை வேலையில் இருந்த மூப்பருக்குச் செய்தி போக, அவர் லீவு போட்டுவிட்டு ஓடினார். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. நானும் லீவு போட்டேன்.