மலை நிறைய நம்ம ஆளுக

எட்டாம் வகுப்பு படித்தவனுக்கு வருகிற கர்வம் பி.ஏ. படித்தவனுக்குக்கூட வராது, மக்கா. எனக்கு வந்தது.

எல்லைப் போராட்ட காலம். இப்போது கேரளத்தில் இருக்கிற எங்கள் பக்கமெல்லாம் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊருக்கு ஊர் கூட்டம். நம்ம ஊர் குன்னத்துகாலில் முன்னால் நின்றவர் உங்கள் தாத்தா, அம்மையின் அப்பா. அவரிடம் நான் பெண் கேட்டிருந்தேன். பதில் சொல்லாமல், "எங்கெங்கே தமிழ் கூடுதலுண்டுன்னு காட்ட ஒரு மேப் வேணும். வரைவியா?" என்றார். பரீட்சை வைக்கிறார் என்று புரிந்தது.

வரையாமலா! ஊரையும் ஆற்றையும் காட்டுவது சாதாரண மேப். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் காட்டும் மேப்புகள் உண்டு, அவைதான் அதிசயம். தென்னை நிற்கும் இடமெல்லாம் புள்ளி வைத்தால் கொல்லயில் ஊர்ப் பக்கம் எறும்பாக மொய்க்கும். மழை கூடக்கூட நிறத்தை அடர்த்தியாக்கினால், மேகம் எந்த மலையில் போய் முட்டுகிறது என்று தெரியும். வயலில் நின்று பார்த்தால் தெரியாததை ஒரு காகிதம் சொல்லும்!

வீடு வீடாகப் போய், "இங்க பேசுறது தமிழா, மலையாளமா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் உண்டு. சண்டைக்கு, முதல்ல வாயில வாறது."

எப்படியோ கணித்து, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து, தமிழ் கூடின ஊருக்குக் கடுநீலம், குறைந்த ஊருக்கு இளநீலம் பூசினேன். ஆசை அடங்கவில்லை. பள்ளிப் புத்தகத்தைப் பார்த்து, மிச்ச நீலத்தில் மழை மேப் ஒன்றும் போட்டேன். எந்த நீலத்துக்கு என்ன அர்த்தம் என்று ஓரத்தில் குறிப்பு எழுதவில்லை. (பார்த்தாலே தெரியாதா என்ற நினைப்பு!)

கூட்டத்தில் தாத்தா மேப்பை விரித்துக் கம்பை நீட்டினார். "நீலம் கடுக்கக் கடுக்க நம்ம ஆளுக கூடுதலாக்கும்!" கம்பு கிழக்கே போய், நல்ல கடுநீலத்தில், மலை உச்சியில் நின்றது.

"அண்ணாச்சி, அங்க ஆனைதானே உண்டு! ஆனை தமிழா பேசுது?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சிரிப்பு அடங்கவே இல்லை. தாத்தா என்னைப் பார்த்தார்.

"அது... மழையாக்கும்," என்றேன். சுருட்டிக் கொடுத்தபோது மேப் மாறிப்போயிருந்தது.

"எலே, ஒனக்குப் பொண்ணத் தந்தா தாலிய அவ கழுத்துல கெட்டுவியா, ஆனை கழுத்துலயா?"

பெண் போயிற்று என்றே முடிவு செய்தேன். மறுநாள் மேப்பை வாங்கப் போனேன். உங்கள் அம்மை அதைத் தரையில் விரித்து, ஓரத்தில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக்கொண்டிருந்தாள்: கடுநீலம், மழை கூடுதல்; இளநீலம், மழை குறைவு.

"கடலோரத்துல குறைஞ்சு மலையில கூடுது. மேப் சரிதாம்ப்பா. குறிப்புதான் இல்ல," என்றாள்.

தாத்தா குனிந்து அந்தக் குறிப்பைப் படித்தார். "இவனுக்குக் குறிப்பு எழுத ஒரு ஆளு வேணும்," என்றார். அதுதான் சம்மதம்.

பிறகு எல்லைக்கோடு வந்தது, நாங்கள் கேரளத்திலேயே நின்றோம். இன்றும் கிழக்கே வானம் கறுத்தால் அம்மை உள்ளேயிருந்து கூப்பிடுவாள்:

"நம்ம ஆளுக வாறாங்க, துணிய எடுங்க!"

நான்தான் ஓடுகிறேன்.