மாப்பிள்ளையின் பச்சைக்கறிப் பத்தியம்

வீட்டு நாய் இனிமேல் பச்சைக்கறிதான் தின்ன வேண்டும் என்று கண்ணாடிக்கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தீர்மானம் போட்டார். நாய்மேல் அவ்வளவு பாசமா என்று கேட்டுவிடாதீர்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை உங்களுக்குத் தெரியும். இது, நாய் இளைக்கிறதே என்று ஆட்டுக்கறிக்கு ஏங்கியவர் அழுத கதை.

அவருடைய ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டது. டாக்டர் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு அவருடைய மனைவியை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்த மனைவி, "கறி கட்" என்றாள். அவ்வளவுதான். இருபது வருஷமாக அவர் வாய்க்கும் ஆட்டுக்கும் இருந்த உறவு அந்த இரண்டு வார்த்தையில் முறிந்தது. அன்று முதல் வீட்டில் சுரைக்காய் ஆட்சி. காலையில் சுரைக்காய்ச் சாறு, மதியம் வெந்த சுரைக்காய், ராத்திரி, மதியத்தில் வேகாமல் தப்பித்த சுரைக்காய். கண்ணாடி போட்டுப் பார்க்க வருகிறவர்களின் வட்ட முகங்கள்கூட அவருக்கு ஆட்டீரலாகத் தெரிய ஆரம்பித்தன.

எதிர்த்துப் பேசலாம் என்றால் மனைவி சாதாரண ஆள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஆபரேஷன் முடிந்ததும் கத்தி, கத்தரி, பஞ்சு எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, கணக்கு சரியாக இருந்தால்தான் வயிற்றைத் தைக்கவே விடுவாள். ஒரு பஞ்சு குறைந்தால் பெரிய டாக்டரே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்தப் பழக்கம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. பிஸ்கட் டப்பா, முட்டைத் தட்டு, எல்லாம் எண்ணிக்கையில்தான் இருக்கும். இப்படிப்பட்ட வீட்டுக்குள் அவர் எப்படிக் கறி கொண்டுவருவார்?

அப்போதுதான் சோபாவில் படுத்திருந்த நாயைப் பார்த்தார். அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். வந்த நாளிலிருந்து ஒரு வேலையும் செய்யாமல், போட்ட சாப்பாட்டில் குறை கண்டுபிடித்துக்கொண்டு, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வதால் அப்படி ஒரு பெயர். நர்ஸம்மா வெட்டிய கறியை எண்ணலாம். நாய் வயிற்றுக்குள் போனதை எந்த நர்ஸால் எண்ண முடியும்? கண்ணாடிக்கடைக்காரர் தன் மூளையை நினைத்துத் தானே அசந்துபோனார்.

"ஏம்மா, மாப்பிள்ளை மூஞ்சி கொஞ்ச நாளா சரியில்ல, கவனிச்சியா?"

"அது மூஞ்சி எப்பவும் அப்படித்தான்."

"சத்து பத்தல. அந்த உருண்டைத் தீனியில என்ன இருக்கு? நாயோட பாட்டன் பூட்டன் யாரு? ஓநாய். ஓநாய் என்ன, பாக்கெட்டைப் பிரிச்சு உருண்டையா தின்னுச்சு?"

"உங்க பாட்டன் பூட்டனும்தான் மரத்துக்கு மரம் தாவினாங்க. நீங்க ஸ்டூல் மேல ஏறி ஒரு பல்பு மாட்ட மாட்டேங்கறீங்க."

"பேச்சை மாத்தாதே. பச்சைக்கறி குடுக்கணும். ஆட்டுக்கறி. எலும்போட."

"யாருக்கு?"

"நாய்க்கு!" என்றார் அவர், தேவைக்கு மேலேயே சத்தமாக.

நர்ஸம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நாயைப் பார்த்தாள். "சரி, குடுக்கலாம்" என்றாள். இவ்வளவு சுலபமாகக் கிடைத்த வெற்றியைப் பார்த்து அவர் அப்போதே பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. மிட்டாய் கிடைத்த பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆனா செஞ்சா ஒழுங்கா செய்யணும். பச்சைக்கறின்னா கிருமி. நாய் தாங்கும், நாம தாங்க மாட்டோம். கறியை மொதல்ல நல்லா உறைய வைக்கணும். அப்பறம் மூடி போட்ட டப்பாவுல, ஃப்ரிட்ஜுல கீழ்த் தட்டுல வச்சுத்தான் இளக விடணும். வெளிய வைக்கவே கூடாது. அதுக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி. அது தின்னு முடிச்சதும் கிண்ணத்தைச் சுடுதண்ணியில கழுவணும், தரையைத் துடைக்கணும், உங்க கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும். மிச்சம் வச்சா அப்பவே எடுத்துக் கொட்டிடணும்."

"இதெல்லாம் யாரு செய்யறது?"

"யோசனை யாரோடது?"

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டாகிவிட்டது. இனி குடையத்தானே செய்யும்?

"முக்கியமானது ஒண்ணு. எலும்பு பச்சையா இருக்கலாம். வெந்த எலும்பு மட்டும் கூடவே கூடாது. அது சிலாம்பு சிலாம்பா உடையும். தொண்டையில குத்தும், குடலைக் கிழிக்கும். உயிர் போயிடும். புரிஞ்சுதா? திருப்பிச் சொல்லுங்க."

"வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும்."

மறுநாளே சமையலறை தியேட்டர் ஆனது. கையுறை போட்டுக்கொண்டு மனைவி பலகை முன்னால் நின்றாள். "கத்தி" என்று கையை நீட்டுவாள். உள்ளங்கையில் படீரென்று வைக்க வேண்டும். "டப்பா" என்பாள். "துணி" என்பாள். நெற்றி வியர்வையைக்கூட அவர்தான் துடைத்துவிட்டார். நாய்க்கு என்று சொல்லிக் கறிக்கடையில் அவள் வாங்கி வந்த கழுத்தும் விலாவும் ஈரல் கொஞ்சமும் வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரிந்து அடுக்கில் ஏறின. மாப்பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து, கல்யாணச் சமையலை மேற்பார்வை பார்ப்பதுபோல் பார்த்தது.

அவள் பகல் டியூட்டிக்குப் போகும் நாட்களில் மதியச் சாப்பாடு அவர் பொறுப்பு. கடைக் கதவைச் சாத்திவிட்டு ஓடி வந்தார். டப்பாவைத் திறந்தார். மேலே, தனியாக ஒரு உறையில் சுற்றி, கொழுப்பு ஒரு பொட்டுக்கூட இல்லாமல், நடுவில் ஒரு எலும்போடு அழகான தொடைக்கறித் துண்டு.

'நாய்க்குப் போய்த் தொடைக்கறி வாங்குறாளே! இவளுக்குக் கறி வாங்கவே தெரியல' என்று அவர் மனைவிக்காகப் பரிதாபப்பட்டார்.

மீதியை மாப்பிள்ளைக்குப் போட்டுவிட்டு, தொடைத் துண்டை மிளகு தூவி வறுத்தார். ஜன்னலைத் திறந்தார். ஃபேனைச் சுழலவிட்டார். நின்றுகொண்டே தின்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தின்ற தடம் தெரியாமல் சட்டியைத் தேய்த்து, எலும்பைக் காகிதத்தில் சுற்றி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகும் வழியில் தெருக்குப்பைத் தொட்டியில் போட்டார். வாரம் ஒரு முறை தொடைத் துண்டு வரும். வாரம் ஒரு முறை அது காணாமல் போகும். நடந்ததையெல்லாம் பார்த்த ஒரே சாட்சி மாப்பிள்ளைதான். நாய் நன்றியுள்ள பிராணி, வாய் திறக்காது.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு மதியம் அவர் கடைசி வாயை மென்றுகொண்டிருக்கும்போது வாசலில் சாவி திரும்பும் வரைக்கும்.

"என்னங்க, கடைக்குப் போகலையா?"

"ம்ம்ம்" என்றார். வாயில் கறி இருந்தால் அதற்கு மேல் எழுத்து வராது. எலும்புப் பொட்டலத்தைக் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த குப்பை வாளியில் போட்டு, காலால் உள்ளே தள்ளிவிட்டு, வந்த வேகத்தில் செருப்பை மாட்டினார். "நீ ஏன் சீக்கிரம் வந்துட்டே?"

"ஒரு ஆபரேஷன் தள்ளிப் போச்சு. நீங்க ஏன் வேர்த்து ஊத்தறீங்க?"

"கடையில கூட்டம்" என்று சொல்லிவிட்டு, ஆளே இல்லாத கடைக்கு ஓடினார்.

சாயங்காலம் திரும்பி வந்தவர் நேரே சமையலறைக்குப் போனார். வாளி கவிழ்ந்து கிடந்தது. காகிதம் சுக்குநூறாகக் கிழிந்து கிடந்தது. எலும்பைக் காணோம். மாப்பிள்ளை கால்களை நீட்டிக்கொண்டு தரையில் படுத்திருந்தது. அவரைப் பார்த்தால் துள்ளும் வால் தரையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அப்படியே விழுந்தது.

சிலாம்பு சிலாம்பாக உடையும். குடலைக் கிழிக்கும். அவரே திருப்பிச் சொன்ன பாடம்.

மனைவி கூடத்தில் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை ஏன் இப்படிப் படுத்திருக்கு?"

"தூங்குது."

"மூச்சு விடுதா?"

"நீங்க விடற அளவுக்கு இல்ல."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாம்."

"எதுக்கு?"

"சும்மா... ஒரு சந்தேகம். எலும்பு கிலும்பு ஏதாவது..."

"பச்சை எலும்புதானே? ஒண்ணும் ஆகாது. வெந்த எலும்புன்னாதான் பயம். நம்ம வீட்டுல வெந்த எலும்பு ஏது?"

"ஏது..." என்றார் அவரும். திருடனைத் தேள் கொட்டினால் அப்படித்தான். வலிக்கும், கத்த முடியாது.

நாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அது கஷ்டப்பட்டுத் தலையைத் தூக்கி அவர் முழங்கால்மேல் வைத்துக்கொண்டது. வாரா வாரம் அவர் தின்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு குரல்கூடக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்த ஜீவன். அதன் பங்கைத் திருடித் தின்றதும் இல்லாமல் அதன் உயிருக்கே உலை வைத்துவிட்டோமே என்று நினைத்தார். தன் நாக்கை அறுத்துப் போடலாம்போல் இருந்தது. பேசாமல் நாயை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். பச்சைக்கறி அதற்கு நன்றாகவே ஒட்டியிருந்தது. தூக்கிய அவருக்கு மூச்சு வாங்கியது. மனைவி வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு, அவசரமில்லாமல் பின்னால் வந்தாள்.

நாய் டாக்டர் மாப்பிள்ளையை மேசைமேல் படுக்க வைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "என்ன சாப்பிட்டுச்சு?"

கண்ணாடிக்கடைக்காரர் கூரையைப் பார்த்தார்.

"சொன்னாத்தானே சார் பாக்க முடியும்?"

மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அவர் கையை நக்கியது. அதோடு அவர் உடைந்துபோனார்.

"வெந்த எலும்பு டாக்டர்! வறுத்த எலும்பு! இதோட கறியை நான்தான் வாரா வாரம் திருடித் தின்னேன். எலும்பை வாளியில போட்டுட்டு ஓடிட்டேன். நான் மனுஷனே இல்ல. எப்படியாவது காப்பாத்துங்க. இனிமே ஜென்மத்துக்கும் கறியைத் தொட மாட்டேன். இது தலைமேல சத்தியம்!"

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் மனைவி, பூனைப் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யோசிச்சாச்சு!"

"சின்னத் துண்டுகூட?"

"வாசனைகூட!"

"டாக்டர், நீங்க சாட்சி."

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார். "உள்ள எலும்பே இல்லையே. நாய் ஜம்முனு இருக்கு. இந்தச் சாப்பாட்டையே தொடரலாம்."

கண்ணாடிக்கடைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்ப... எலும்பு?"

"மதியமே எடுத்து வெளித் தொட்டியில போட்டுட்டேன்" என்றாள் மனைவி. "வாளியையும் கழுவிட்டேன். வாளியைக் கவிழ்த்து நான் கிழிச்சுப் போட்டது வேற காகிதம், சுத்தமானது."

"பின்ன ஏன் இது எழுந்திரிக்கல?"

"பூங்காவை நாலு சுத்து ஓட விட்டேன். களைப்பு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. நாய்க்கு யாராவது தொடைக்கறி வாங்குவாங்களா? அது உங்களுக்கு வாங்கினது. வாரத்துக்கு ஒரு துண்டு, கொழுப்பு இல்லாம குடுக்கலாம்னு டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாரு. தட்டுல வச்சுக் குடுத்தா நீங்க இன்னும் நாலு கேப்பீங்க. திருடற ஆள் மாட்டிக்குவோமோன்னு அளவாத்தான் எடுப்பான்."

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடும் மனிதர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். திருட்டு என்று நினைத்து அவர் தின்றதெல்லாம் பத்தியம்!

"தின்னதுக்கு எனக்குக் கோபம் இல்லைங்க. வெந்த எலும்பை இது வாய்க்கு எட்டற இடத்துல போட்டுட்டுப் போனீங்க பாருங்க, அதுக்குத்தான் இன்னிக்கு இது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நியாயம்தான். ஆனாலும் குனிந்த தலைக்குள் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. மாப்பிள்ளை பிழைத்துவிட்டது. டாக்டரே அனுமதி கொடுத்திருக்கிறார். இனி ஒளியவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம், உட்கார்ந்தே சாப்பிடலாம்.

"அப்ப... அடுத்த வாரத் துண்டு?"

மனைவி மாப்பிள்ளையின் தலையைத் துண்டால் துடைத்துவிட்டாள். "நான் வேண்டாம்னு சொல்லுவேனா? ஆனா இது தலைமேல சத்தியம் பண்ணிட்டீங்களே. அதையும் இதுக்கே போட்டுடலாம். வெட்டிக் குடுக்க நீங்க இருக்கீங்க."