நாலாம் நம்பர் பிரஸ்ஸின் எலுமிச்சம்பழம்

"கழட்டு."

"நேத்துதான் சார் வல்லக்கோட்டை முருகன் காலடியில வச்சு வாங்கியாந்தேன். வாடக்கூட இல்ல," என்றான் இசக்கிபாண்டி.

"கழட்டுன்னேன்."

ஒரகடத்தில் கார் கதவுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனி அது. ஐந்நூறு டன் அழுத்தத்தில் இரும்பை அப்பளமாக்கும் நாலாம் நம்பர் பிரஸ்ஸின் நெற்றியில், தங்கக் கட்டி மாதிரி ஒரு எலுமிச்சம்பழம், கூடவே ஏழு பச்சைமிளகாய். கழற்றச் சொன்னவர் லைன் சூப்பர்வைசர் விஜயராகவன். கழற்ற மறுத்தவன் திருநெல்வேலியிலிருந்து வந்து பிரஸ் ஓட்டுகிறவன்.

விஜயராகவன் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் தகடு வாங்கும் அயர்லாந்து கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்த பிரெண்டன் துரை, அறிக்கையில் ஒரே ஒரு குறை எழுதியிருந்தார்: 'நாலாம் நம்பர் பிரஸ்ஸில் எலுமிச்சம்பழம். நடவடிக்கை எடுக்கவும்.'

அந்த ஒற்றை வரிக்குப் பதினோரு மீட்டிங் போட்டார்கள். எலுமிச்சம்பழத்துக்கு வரைபடம் போட்டுக் காரணம் கண்டுபிடித்த கம்பெனி உலகத்திலேயே இது ஒன்றுதான். 'மூடநம்பிக்கை' என்று முடிவானது. இந்த முறையும் குறை வந்தால் ஆர்டர் போய்விடும். லைனை மூடிவிடுவார்கள். நாற்பத்து மூன்று பேர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான், முதல் ஆளாக விஜயராகவன்.

அவரே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினார்.

இசக்கிபாண்டி கையைக் கட்டிக்கொண்டான். "பழம் இல்லாம பட்டன்ல கை வைக்க மாட்டேன் சார். எனக்கு இருக்கது பத்து விரலுதான்."

"டேய், துரை வர்ற நேரம்டா."

"அவருக்கும் பத்துதான சார்?"

மணி பத்தேகால். வேறு வழியில்லாமல் மிளகாயைக் குப்பையில் போட்டுவிட்டு, பழத்தை அவன் பேண்ட் பாக்கெட்டில் திணித்தார் விஜயராகவன். "உள்ளேயே இருக்கணும். வாசனைகூட வெளிய வரக்கூடாது."

கார் வந்தது. இறங்கிய பிரெண்டன், காம்பவுண்டு சுவரைப் பார்த்து நெற்றியில் கைவைத்து சல்யூட் அடித்தார். சுவர்மேல் ஒற்றைக் காக்கா, கீழே செக்யூரிட்டி பரசுராமன். பரசுராமன் பூரித்துப்போய் பூட்ஸ் தெறிக்கத் திருப்பி அடித்தார்.

"மரியாதை தெரிஞ்ச மனுஷன்," என்றார் விஜயராகவன்.

மற்ற மெஷின்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் துரை நேராக நாலாம் நம்பருக்குப் போனார். வெறும் கொக்கியை அண்ணாந்து பார்த்தார். பிரஸ்ஸைச் சுற்றி வந்து பின்னாலும் எட்டிப் பார்த்தார். பிறகு வாய்க்குள் முணுமுணுத்தார்: "பிஷோக்."

கூட வந்த ஹெச்.ஆர். ஸ்ரீமதி கைப்பேசியில் தேடினாள். "ஐரிஷ்காரங்களோட பழைய வார்த்தை சார். மந்திரம், மாயம், மூடநம்பிக்கை, இதுக்கெல்லாம் சொல்றதாம்."

பழத்தை எடுத்த பிறகும் இந்த ஆளுக்கு மூடநம்பிக்கை கண்ணில் படுகிறதா? விஜயராகவன் சுற்றுமுற்றும் பார்த்தார். மின்சாரப் பெட்டியின் மேல் ஆயுதபூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டு. கைக்குட்டையில் எச்சில் தொட்டு, சுவடு தெரியாமல் துடைத்தார்.

துரை ஓரடி பின்வாங்கினார்.

"பாத்தியாம்மா, அசந்துட்டாரு," என்றார் விஜயராகவன்.

"எனக்கென்னவோ பயந்த மாதிரி தெரியுது சார்."

"ஓட்டுடா," என்று இசக்கிபாண்டிக்குக் கண்ணைக் காட்டினார். அவன் பாக்கெட்டைத் தடவிக்கொண்டு, பட்டனை அமுக்கி பிரஸ்ஸை ஓடவிட்டு, தகட்டை எடுக்கக் குனிந்தான். பழம் வெளியே குதித்தது. வேறு போக்கிடமே இல்லாத மாதிரி உருண்டு உருண்டு போய்த் துரையின் ஷூவில் முட்டி நின்றது.

துரை அதை இரண்டு கையாலும் எடுத்தார். காலையிலிருந்து இல்லாத பிரகாசம் அவர் முகத்தில். பழத்தைக் கொக்கிக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

போச்சு. கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். நாற்பத்து மூன்று குடும்பமும் விஜயராகவன் கண்முன் வரிசையாக வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தார். பழத்தை வெடுக்கென்று பிடுங்கினார்.

"லஞ்ச் சார். ஒன்லி லஞ்ச்."

சொல்லிவிட்டு, தோலோடு கடித்தார்.

காது மடல் துடித்தது. இடது கண் மூடி, வலது கண் பிதுங்கியது. செத்துப்போன மூன்று பெரியப்பாக்கள் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். ஆனாலும் மனிதர் நிறுத்தவில்லை. கொட்டை முதற்கொண்டு விழுங்கிவிட்டு, "வெரி டேஸ்ட்டி," என்று சிரித்தார்.

சொல்லிவைத்தாற்போல் நாலாம் நம்பர் பிரஸ் பெருமூச்சு விட்டு நின்றுபோனது.

ஏற்கெனவே வெள்ளையாக இருந்த துரை சுண்ணாம்பாக வெளுத்தார். கையெழுத்துப் போடாமலே ஃபைலை மூடினார். பிரஸ்ஸுக்கு முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து வாசலுக்குப் போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கூசின பல்லோடு விஜயராகவன் பின்னால் ஓடினார். டிரைவர் பகலவன், பென்னலூர்க்காரன், வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தான்.

"தம்பி, துரை கார்ல வரும்போது ஏதாச்சும் சொன்னாராப்பா? நான்தான் எல்லாத்தையும் எடுத்துட்டேனே, இன்னும் என்ன குறை?"

பகலவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா சார் நீ? ஒத்தக் காக்காவப் பாத்தாலே கெட்ட சகுனம்னு சல்யூட் அடிக்கிற ஆளு அவுரு. போன வாட்டி அந்தப் பழம் காஞ்சி கருவாடா தொங்கினு இருந்துச்சாம். வாரா வாரம் புதுசா மாத்தச் சொல்லித்தான் எழுதினாராம், அத்த மாத்திட்டாங்களான்னு பாக்கத்தான் அம்மாந்தூரத்துலேர்ந்து வந்துகீறாரு."